சிறுத்துவரும் கருவிகளும் நமது தோலின் நிறமும்

பள்ளிக்கூடங்களில் ஒளியியல் கற்பிக்கும் எவரும் ஆண்டில் ஒரு முறையாவது அறையின் யன்னல்களை அடைத்து, சிறு துவாரம் வழியே வரும் வெயிற் கீற்றை முக்கோண அரியமொன்றில் விழச்செய்து, எதிர்ச் சுவரில் தோன்றும் ஏழு நிறங்களை மாணவருக்குக் காட்டுவது வழக்கம். பல ஆண்டுகளாக நானும் அதையே செய்து வந்திருக்கின்றேன். 'இது நியூற்றன் கண்டது' என்று சொல்லி, நிறங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்துக்கொள்வேன். அண்மையில் அந்தப் பாடத்தின் முடிவில், வைத்தியசாலைகளில் நிறமாலை பயன்படும் விதத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் கூறினேன். மூளையிலுள்ள கட்டியை அறிவதற்கு எண்ணூறுக்கு மேற்பட்ட நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் கமரா உண்டு என்றும், விரல் நுனியில் மாட்டும் ஒக்சிமீற்றரோ இரண்டே நிறங்களைக் கொண்டு இரத்தத்தின் ஒட்சிசனை அளந்துவிடுகின்றது என்றும் சொன்னேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், எண்ணூறை இரண்டாகக் குறைத்தால், மிச்ச நிறங்கள் சொல்லவேண்டியதை யார் சொல்லுவது?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறி, மணி அடித்ததைச் சாட்டாக வைத்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னரும் அக்கேள்வி என்னை விடவில்லை. மருத்துவக் கருவிகளைச் சிறிதாக்குவதற்கு இன்று உலகெங்கும் நடைபெற்றுவரும் பெருமுயற்சியின் உயிர்நாடியிலேயே அம்மாணவன் தன்னையறியாமல் கைவைத்துவிட்டான் என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலையே இங்கு எழுதுகின்றேன்.

நிறம் சொல்லும் இரசாயனம்

நமது கண்ணினுள்ளே நிறத்தை உணரும் கலங்கள் மூன்று வகையின. உலகத்தின் வண்ணங்கள் யாவற்றையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளின் கலவையாகவே நாம் உணருகின்றோம். சாதாரணக் கமராவும் நம் கண்ணைப் பின்பற்றி அமைந்ததே. ஆனால், ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியில் இதனிலும் எத்தனையோ மடங்கு செய்தி அடங்கியிருக்கின்றது. எந்த அலைநீளத்தை அப்பொருள் விழுங்குகின்றது, எதைத் திருப்பி அனுப்புகின்றது என்பதை நுணுக்கமாகப் பிரித்தறிந்தால், அதன் இரசாயன அமைப்பையே ஓரளவு படித்துவிடலாம்.

இரத்தத்தைப் பொறுத்தவரை இந்த உண்மை மிகப் பழையது. இரத்தத்தின் செம்பொருளாகிய ஈமோகுளோபின் குறிப்பிட்ட சில நிறங்களை விழுங்குவதை 1862இல் ஜேர்மானிய அறிஞர் ஹொப்பே-சைலர் விவரித்தார். ஒட்சிசன் நீங்கியதும் அந்த நிறமாலை மாறிவிடுகின்றது என்பதை 1864இல் இங்கிலாந்தின் ஸ்ரோக்ஸ் காட்டினார். ஒட்சிசன் ஏறிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும், ஒட்சிசன் இழந்த இரத்தம் மங்கிய கருஞ்சிவப்பாகவும் தோன்றுவதன் இரகசியம் இதுவேயாகும்.

இந்த அறிவை ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் விரித்துப் பார்ப்பதே நிறமாலைக் கமராவின் வேலை. சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துவிட்டு இரு முனைகளையும் பொருத்தப் போகின்றார் என்று கொள்வோம். பொருத்தப்படும் முனைக்கு இரத்தம் ஒழுங்காக வருகின்றதா என்பது நோயாளியின் உயிரோடு தொடர்புடைய கேள்வி. அதைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவதை விட, ஒட்சிசன் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் வரைபடம் போலக் காட்டும் கமரா பெருந்துணையன்றோ? மூளையிற் பரவும் கட்டியின் எல்லை எங்கே முடிகின்றது என்ற கேள்வியும் இத்தகையதே. அளவுக்கு மேல் வெட்டினால் பேச்சோ நடையோ போய்விடலாம். குறைத்து வெட்டினால் நோய் திரும்பி வரும்.

பாகப்பிரிவினையின் சங்கடம்

இத்துணை பயனுள்ள கருவி ஏன் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை? அதன் பருமனும் தாமதமும் முக்கியமான தடைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, கனேரித் தீவுகளிலுள்ள லாஸ் பல்மாஸ் பல்கலைக்கழகத்தார் முன்னின்று 2014இல் தொடங்கிய 'ஹெலிகொயிட்' என்னும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். திறந்த மூளையின் மேற்பரப்பை, 400 முதல் 1000 நனோமீற்றர் வரையான அலைநீளங்களில் 826 கூறுகளாகப் பிரித்து அவர்கள் படம் பிடித்தனர். அக்கமரா ஒரு நேரத்தில் ஒரு கோட்டை மட்டுமே பார்க்கும். ஆகவே அதனை மூளையின் மேலே மெல்ல நகர்த்தவேண்டும். ஒரு படம் முடிவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லும். இதயம் துடிக்குந்தோறும் மூளையும் அசைகின்றது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் சிரமம் புரியும். 150 உவாற்று விளக்கின் வெப்பம் மூளையைச் சுடாதிருக்க, அதன் ஒளியைக் கண்ணாடி நார்களின் வழியே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் குடற் சத்திரசிகிச்சையிற் பயன்படுத்தப்பட்ட வேறொரு கமரா, 500 முதல் 1000 நனோமீற்றர் வரை நூறு கூறுகளில் படம் தருகின்றது. அதற்குச் சில வினாடிகள் போதும். ஆயினும் அந்தச் சில வினாடிகளுக்கு நிபுணர் தம் கையை நிறுத்தி, சத்திரசிகிச்சைக் கூடத்தின் விளக்குகளையும் அணைக்கவேண்டும். 640க்கு 480 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நூறு அளவுகள். பெருக்கிப் பார்த்தால் ஒரேயொரு படத்தில் 3 கோடியே 7 இலட்சத்து 20 ஆயிரம் எண்கள்! இதனைச் சலனப்படமாக வினாடிக்கு இருபத்தைந்து முறை எடுக்கவேண்டுமானால், ஒவ்வொரு வினாடியும் 76 கோடியே 80 இலட்சம் எண்களைக் கணனி விழுங்கிச் செரிக்கவேண்டும்.

எனவேதான் விஞ்ஞானிகள் இக்கருவியைச் சுருக்க முற்பட்டனர். அரியத்தையும் நகரும் மேடையையும் நீக்கிவிட்டு, ஒளியுணரும் சில்லின் மீதே நிறவடிகளைப் பதித்துவிடுவது ஒரு வழி. பெல்ஜியத்தின் லூவன் நகரிலுள்ள 'ஐமெக்' ஆய்வு நிலையம் இத்துறையில் முன்னணியில் நின்றது. எதிரெதிரே நிற்கும் இரு நுண்ணிய கண்ணாடிப் படலங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை மாற்றினால், அவற்றினூடே செல்லும் நிறமும் மாறும். இத்தகைய வடிகளை ஒவ்வொரு புள்ளியின் மேலும் வெவ்வேறு தடிப்பில் அமைத்துவிட்டால், விரற்கட்டையளவான சில்லே நிறமாலைக் கமராவாகிவிடும். அது நகரத் தேவையில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் படமெடுக்கும்.

ஆனால் இங்கும் ஒரு கணக்கு உண்டு. இவ்வகைக் கமராக்களிற் பயன்படும் சில்லு ஒன்றில் 2048க்கு 1088 புள்ளிகள் உள்ளன. ஏறக்குறைய 22 இலட்சம். ஐந்துக்கு ஐந்து என இருபத்தைந்து புள்ளிகளை ஒரு கூட்டமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தை ஒதுக்கினால், படத்தில் எஞ்சுவது 409க்கு 217 புள்ளிகள் மாத்திரமே, தொண்ணூறாயிரமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணியை இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்ட கதைதான்! ஒவ்வொருவருக்கும் உறுதி கிடைக்கும். வீடு கட்ட நிலம் கிடையாது. இட நுணுக்கம், நிற நுணுக்கம், நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு ஒளி தாராளமானதன்று. ஒன்றைப் பெற விரும்பினால் மற்றொன்றை இழக்கவேண்டும்.

அந்த இழப்பை ஈடுசெய்ய விஞ்ஞானிகள் நாடுவது கணிதத்தை. எண்ணூறு நிறங்களில் எடுத்த பழைய படங்களைக் கணனிக்குக் காட்டிப் பழக்குகின்றனர். பின்னர் இருபத்தைந்து நிறங்களை மட்டும் கொடுத்து, 'மற்றவை எவ்வாறு இருக்கும், இது கட்டியா அன்றா?' என்று கேட்கின்றனர். மட்ரிட் நகரத்து ஆய்வாளர்கள் இருபத்தைந்து நிறக் கமராவைக் கொண்டு மூளைக் கட்டிகளை இவ்வாறு ஆராய்ந்துவருகின்றனர். முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அளவைக் குறைத்த இடத்தில் ஊகம் வந்து குடியேறுகின்றது. அந்த ஊகத்தின் தரம், அது யாருடைய உடலிலிருந்து கற்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2019இல் வெளியான ஹெலிகொயிட் படத் தொகுதியில் இருந்தவை 22 நோயாளிகளின் 36 படங்கள். ஓர் ஆரம்பத்துக்கு இது போதும். மனித குலத்துக்கு இது போதுமா?

இரண்டு நிறங்களின் கதை

இந்த ஐயம் வெறுங் கற்பனையன்று. நிறங்களைக் குறைக்கும் வழியின் கடைசி எல்லை வரை ஏற்கெனவே சென்று வந்த கருவி ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கின்றது. அதுதான் ஒக்சிமீற்றர். படமெடுக்காவிட்டாலும், தத்துவத்தால் அது நிறமாலைக் கமராவின் கடைசித் தம்பியே.

1970களில் காதிற் பொருத்தி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியொன்று இருந்தது. அது எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தியது. பருமனும் விலையும் பெரிது. ஆய்வுகூடங்களை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. யப்பானியப் பொறியியலாளரான தக்குவோ அஓயாகி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைச் சாயமொன்றின் துணையால் அறிய முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு அவருடைய அளவீட்டை இடைவிடாது குழப்பியது. அதை நீக்க இரண்டு நிறங்களை ஒப்பிட்டபோது, குழப்பமே செய்தி என்பதை உணர்ந்தார். துடிக்கும்போது மாறுவது நாடியிலுள்ள இரத்தம் மட்டுமே. தோலும் எலும்பும் மாறுவதில்லை. ஆகவே மாறும் பங்கை மட்டும் பிரித்து, சிவப்பிலும் செந்நிறக்கீழ்க் கதிரிலும் ஒப்பிட்டால் ஒட்சிசன் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 1974இல் அவர் இதனை வெளியிட்டார். எட்டு இரண்டாயிற்று. காலப்போக்கில் பயறளவான இரு விளக்குகளும் ஓர் ஒளியுணரியும் கொண்ட கருவி விரல் நுனிக்கு வந்துவிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் மேசையில் அது காத்த உயிர்கள் கணக்கிலடங்கா. கொவிட் நோய் உலகை வாட்டிய 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில், அக்கருவியை உலகமே தேடிய வேளையில், அஓயாகி காலமானார்.

அடுத்த ஆண்டு அந்நோய் எங்கள் ஊரிலும் பரவியது. அயலவர் ஒருவர் வாங்கிய ஒக்சிமீற்றர் வீடு வீடாகச் சென்றது. என் அத்தானுக்குக் காய்ச்சல் கண்ட நான்காம் நாள் அதை அவர் விரலில் மாட்டினேன். 95 என்று காட்டியது. எனக்கு ஆறுதலாயிற்று. அக்காவோ, "தம்பி, அந்த இலக்கத்தை விடு. இந்த மனுசன் மூச்சு விடுற விதத்தைப் பார்" என்றார். அவர் சொற்படி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். அங்கே மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்துச் சோதித்தபோது ஒட்சிசன் நன்றாகக் குறைந்திருந்தது. சில நாள் ஒட்சிசன் கொடுத்தபின் அத்தான் நலமாக வீடு திரும்பினார். ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது விஞ்ஞானமாகாது. குளிர்ந்த விரலும் கைநடுக்கமும்கூட இலக்கத்தைப் பிழைக்கச் செய்யும். ஆயினும் அன்றிலிருந்து அக்கருவியைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானேன்.

படித்தபோது வியப்பே மிஞ்சியது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'பொஸ்ரன் ரிவியூ' என்னும் சஞ்சிகையில் ஏமி மொறான்-தோமஸ் என்ற மானிடவியலாளர் கட்டுரையொன்று எழுதினார். விரலில் மாட்டும் இக்கருவி கருந்தோலினரிடம் பிழையான அளவைக் காட்டக்கூடும் என்பதற்குப் பழைய ஆய்வுகளை அவர் எடுத்துக் காட்டினார். அக்கட்டுரையால் தூண்டப்பெற்ற மிச்சிக்கன் பல்கலைக்கழக வைத்தியர்கள் தம் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினர். அவ்வாண்டு டிசெம்பரில் அவர்களின் முடிவு வெளியாயிற்று. கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், உண்மையான ஒட்சிசன் 88க்குக் கீழே இருந்தவை வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தவரிடம் நூற்றுக்கு 11.7. ஏறக்குறைய மூன்று மடங்கு!

இதிலும் வருந்தத்தக்கது, இவ்விடயம் புதியதன்று என்பதே. 1990இலும் 2005இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே குறையை எழுதியிருந்தனர். கருவி மேலும் மேலும் சிறிதாகவும் மலிவாகவும் ஆயிற்று; குறை மட்டும் அப்படியே கூடவே பயணஞ் செய்தது.

அளவுகோல் யாருடையது?

இதன் காரணம் மாணவனின் கேள்வியிலேயே இருக்கின்றது. அஓயாகியின் தத்துவப்படி தோல் துடிப்பதில்லையாதலால் அதன் நிறம் கணக்கிலிருந்து நீங்கிவிடவேண்டும். விளக்கின் ஒளி ஒரேயொரு அலைநீளமாக இருந்தால் அப்படியே நடக்கும். ஆனால் சிறு விளக்கு ஓர் அலைநீளத்தை அன்றி, அடுத்தடுத்த பலவற்றை உமிழுகின்றது. தோலிலுள்ள மெலனின் குறுகிய அலைநீளங்களைக் கூடுதலாக விழுங்குவதால், உள்ளே செல்லும் ஒளியின் நிறமே சற்று நகர்ந்துவிடுகின்றது. அறிஞர் கூறும் காரணங்களுள் இது ஒன்று. இரண்டே நிறங்களைக் கொண்டு ஈமோகுளோபினையும் மெலனினையும் பிரித்தறிவதற்கு இடமில்லை. ஆகவே கருவி செய்வோர் ஆரோக்கியமான தொண்டர்களைக் குறைந்த ஒட்சிசனுள்ள காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களின் நாடி இரத்தத்தோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தனர். ஒவ்வொரு கருவியின் உள்ளும் அத்தகைய அட்டவணை இருக்கின்றது. அதை எழுத உதவிய உடல்கள் பெரும்பாலும் வெளிர்தோல் உடல்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பரிசோதனைக்குப் பத்துப் பேர் போதும். அவர்களுள் கருந்தோலினர் இருவர் அல்லது நூற்றுக்கு பதினைவர், இவற்றில் எது கூடியதோ அது, இருக்கவேண்டும். உலகத்தின் பெரும்பகுதியான மக்களுக்கு இரண்டு பிரதிநிதிகள்! 2024இல் பிரித்தானியாவில் மார்கரெட் வைற்ஹெட் அம்மையாரின் தலைமையில் வெளியான அறிக்கையும் இக்குறையைச் சுட்டிக்காட்டிற்று. 2025 சனவரியில் அமெரிக்க நிருவாகம் வெளியிட்ட வரைவு, பரிசோதனைக்கு 150 பேராவது வேண்டும் என்றது. பத்துப் படிகளுள்ள தோல்நிற அளவுகோலில் வெளிர், நடு, கருமை என்னும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நூற்றுக்கு 25 பேராவது இருக்கவேண்டும் என்றும் அது கூறிற்று. அந்த அளவுகோலை வகுத்தவர் எலிஸ் மொங்க் என்னும் சமூகவியலாளர். பௌதிகத்தின் குறையை உலகுக்கு மீண்டும் நினைவூட்டியவர் மானிடவியலாளர்; அதைத் திருத்த அளவுகோல் தந்தவர் சமூகவியலாளர். விஞ்ஞானமும் கலைத்துறையும் வெவ்வேறு வீடுகள் என்று எண்ணும் நம் கல்லூரிகள் இதைச் சிந்திக்கவேண்டும்.

ஆயினும் அந்த வரைவு மருத்துவப் பயன்பாட்டுக்கென அனுமதி கோரும் கருவிகளுக்கே உரியது. உடல்நலப் பொருள் என்ற பெயரில் கடைகளிற் கிடைக்கும் மலிவான ஒக்சிமீற்றர்களை அது கட்டுப்படுத்தாது. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சென்றது அத்தகைய ஒன்றே.

இனி வரப்போகும் சிறிய நிறமாலைக் கமராக்களுக்கும் இக்கதை பொருந்துமா? முழுவதும் பொருந்தாது. மூளையையும் குடலையும் படம்பிடிக்கும்போது தோலின் மெலனின் குறுக்கே வருவதில்லை. ஆனால் நீரிழிவு நோயாளரின் பாதப் புண்ணையும், தீக்காயத்தையும், ஒட்டவைத்த தோலையும் ஆராயும் கமராக்கள் தோலினூடாகவே பார்க்கவேண்டும். எண்ணூறு நிறங்கள் இருந்தால் மெலனினின் பங்கைத் தனியே பிரித்துக் கழிக்க முடியும். நிறங்கள் குறையக் குறைய அந்த வசதியும் குறையும். கணனியின் பழக்கமே துணையாகும். அது எந்தத் தோலைக் கண்டு பழகியதோ அந்தத் தோலுக்கே அது உண்மையான நண்பனாயிருக்கும்.

நாம் செய்யக்கூடியது

இவற்றைப் படித்துவிட்டுக் கருவியை வீசியெறியவேண்டும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நிறமாலைக் கமரா ஒரு மேசையளவிலிருந்து கைக்கடக்கமாக வந்தாற்றான் கொழும்பிலோ கண்டியிலோ மட்டுமன்றி, தூரத்து ஊர்களின் வைத்தியசாலைக்கும் அது வந்துசேரும். சிறிதாக்குவது ஏழைக்குச் செய்யும் தொண்டு. நான் வேண்டுவது, சிறிதாக்கும்போது எதைக் கைவிட்டோம், அதன் இடத்தில் எதை வைத்தோம் என்பதை எழுதிவைக்கவேண்டும் என்பதே.

அதை எழுதும் வேலையை முழுவதும் பிறரிடம் விட்டுவிடுதல் நமக்குப் பெருமையன்று. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடமும் பொறியியற் பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. இங்கு விற்பனையாகும் கருவியொன்றை இங்குள்ள தோலில், நாடி இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பொறுமையும் நேர்மையும் வேண்டும். வைத்தியசாலைக்குக் கருவி வாங்குவோர், 'இது எத்தனை பேரிடம், எந்தத் தோல் நிறத்தாரிடம் சோதிக்கப்பட்டது?' என்ற ஒரு கேள்வியை விலைமனுவிற் சேர்த்துவிட்டாற்கூடப் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த கிழமை அந்த வகுப்புக்கு மீண்டும் போகின்றேன். அம்மாணவனிடம் சொல்லவேண்டியதை இப்போது தேர்ந்துகொண்டேன். "தம்பி, மிச்ச நிறங்கள் சொல்லவேண்டியதை, அந்தக் கருவியைப் பழக்கிய மனிதரின் உடல்கள் சொல்லுகின்றன. அவர்களுள் உன்னைப் போன்றவர் எத்தனை பேர் என்று கேள். கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால், நீயே அளந்து பார்" என்பேன். அதுவரை, என் அக்கா சொன்னதையும் மறவாதிருப்போம். இலக்கத்தைப் பார்ப்போம், மூச்சு விடும் ஆளையும் பார்ப்போம்.